ஏரிப் பக்கம் இறங்கிய எட்டு நொடி

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தண்ணீருக்குப் போர்க் கிணறு போடுகிற லாரியில் ராடு தூக்கும் கூலியாகச் சேர்ந்தேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய போர் வண்டி மூன்று ஓடுகிறது. விக்கிரவாண்டியிலிருந்து செஞ்சி வரைக்கும் எந்தக் கொல்லையில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று என்னைக் கேட்டால் போதும். மெஷின் வைத்துப் பார்த்தவன் கைவிட்ட நிலத்தில் நான் நடந்து பார்த்தே தண்ணீர் காட்டியிருக்கிறேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்த வாழ்க்கை இல்லை இது.

அப்படிப்பட்ட என்னைத் திண்டிவனத்தில் ஒரு பத்துப் பேர் எட்டு மாதம் முட்டாளாக்கி வைத்திருந்தார்கள்.

அறுபது வயதில் ஒரு டீசல் கார் வாங்கினேன். வெளிநாட்டு வண்டி, பழசுதான், ஆனால் காலை வைத்தால் முதுகை இருக்கையோடு அழுத்தும். ஆயுள் முழுக்கப் போர் லாரியில் ஊர்ந்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்று கார்க்காரர்களுக்குத் தெரியாது. விழுப்புரத்தில் டயர் மாற்றப் போன இடத்தில்தான் சொன்னார்கள், திண்டிவனத்துக்கு வெளியே ஒரு மனைப் பிரிவில் ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ப் பைத்தியங்கள் கூடுகிறார்கள் என்று. போனேன்.

மனை ஒன்றும் விற்கவில்லை. நுழைவில் ஒரு அலங்கார வளைவு, உள்ளே அகலமான தார் ரோடு, அது நேராகப் போய் ஏரிக்கரையில் முடிகிறது. மஞ்சள் கல்லுக்கு நடுவே ஆடு மேயும். புதுச்சேரியிலிருந்து வரும் ஒரு பல் டாக்டர்தான் அங்கே எல்லாம். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தார். அதைக் கார்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டால், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி ஆனது என்று அவர் செல்போனில் காட்டும். யார் எத்தனையாவது என்று அவர்தான் வரிசை எழுதுவார்.

முதல் நாள் வளைவிலிருந்து ஏரிப் பக்கமாக ஒரே மிதி மிதித்தேன். எட்டு புள்ளி இரண்டு.

“அண்ணே, பின்னிட்டீங்க! இது வரைக்கும் எட்டரைக்குக் கீழ ஒருத்தனும் வரல. இனிமே நீங்கதான் ஃபர்ஸ்ட்டு” என்றார் டாக்டர்.

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்திலிருந்து போன், முந்நூறு அடியில் ராடு மாட்டிக்கொண்டது என்று. கிளம்பினேன். “டாக்டர், அண்ணன் அந்தப் பக்கத்திலேர்ந்தும் ஒரு தபா…” என்று ஒருவன் ஆரம்பித்தான். இன்னொருவன், “ஏய், வுடுடா. அண்ணன் ஜல்தியா போவணும்” என்று அவனை அடக்கினான். எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஓட்டவே இல்லை. முதலில் இருப்பவன் எதற்கு மறுபடி ஓட்ட வேண்டும்? நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். மற்றவர்கள் ஏரிப் பக்கம் ஒரு தடவை, ஏரியிலிருந்து வளைவுப் பக்கம் ஒரு தடவை என்று போய்வருவார்கள். என்னை எட்ட முடியாமல்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள் என்று இருந்தேன். முடிந்ததும் பைபாஸ் ஓட்டலில் அத்தனை பேருக்கும் பூரி, பொங்கல் எல்லாம் என் செலவு. “அண்ணன் வண்டின்னா அண்ணன் வண்டிதான்” என்பார்கள். ஒவ்வொரு முறையும் சனிக்கிழமையே டாக்டர் போன் செய்து, “அண்ணே, நீங்க வராம ஆரம்பிக்க மாட்டோம்” என்பார்.

அந்த எட்டு புள்ளி இரண்டைப் படமாக டாக்டர் என் செல்லுக்கு அனுப்பியிருந்தார். விழுப்புரத்தில் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினேன். நம்பருக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி, சிவப்பு எழுத்தில். தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். முதலிடத்துக்குச் சிவப்பில் போடுவார்கள் போல என்று விட்டுவிட்டேன். போர் போட வருகிற ஒவ்வொருவனிடமும் முதலில் படத்தைக் காட்டி, பிறகுதான் அடிக்கு என்ன ரேட் என்று சொல்வேன்.

எட்டாவது மாதம் விக்கிரவாண்டியிலிருந்து ஒரு டீச்சரம்மா வீட்டுக்காரரோடு வந்தார். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“சார், இதுல ஸ்லோப், இன்வேலிட்னு போட்டிருக்கே. இறக்கத்துல ஓட்டினதால செல்லாதுன்னு அர்த்தம்.”

“நீங்க போருக்கு வந்தீங்களா, படம் பாக்க வந்தீங்களாம்மா?” என்று கேட்டேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

கணக்குப் பார்க்கிற என் மகன் அந்த அறையிலேயே இருந்தான். தலையைத் தூக்கவில்லை.

“டேய், அந்தம்மா சொல்றது நெசமா?”

“நெசந்தான். ரெண்டு பக்கமும் ஓட்டணும். எது கம்மி வேகமோ அதத்தான் எழுதுவாங்க. எல்லா ஊர்லயும் அதான் வழக்கம்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மாட்டன அன்னிக்கே.”

“வாயத் தொறந்து சொன்னா இன்னாடா?”

“யாரு சொல்றது? போர்ல எறக்குற கேசிங் பைப்பு மட்டமான சரக்குன்னு போன வருசம் சொன்னேன். ஆளுங்க எதிர்ல, நீ படிச்சத உன் பாக்கெட்லயே வச்சிக்கன்னீங்க. அதோட வுட்டுட்டேம்பா.”

அந்தப் பைப்பும் உடைந்துதான் போனது.

மழை பெய்தால் ஒரு நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தே பிழைத்தவன் நான். அந்த ரோடு ஏரிப் பக்கம் சாய்வு என்று முதல் நாளே என் கண்ணுக்குத் தெரிந்தது. கை தட்டியதும் மறந்துவிட்டது. டாக்டர் மேல் வந்த கோபத்தை விட இதுதான் இன்னும் அறுக்கிறது.

அடுத்த ஞாயிறு போனேன். பெட்டியை நானே வாங்கி என் கண்ணாடியில் ஒட்டினேன்.

“எதுக்குண்ணே? நீங்கதான் ஃபர்ஸ்ட்ல இருக்கீங்களே” என்றார் டாக்டர்.

“உன் வரிசைய எடு. என் பேரு எங்க இருக்குதுன்னு காட்டு.”

அவர் செல்லைத் தேய்த்தார். மேலே போனார், கீழே போனார். பத்துப் பேர் இருந்தார்கள். நான் இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வயசானவரு, ஆசையா வந்தீங்க. மனசு நோவக் கூடாதுன்னுதான்…”

“பூரி துன்னும்போது நோவலையா?”

பின்னால் எவனோ சிரித்தான். நான் வண்டியை எடுத்தேன். ஏரிப் பக்கம் எட்டு புள்ளி மூன்று. திருப்பி நிறுத்தி, வளைவைப் பார்த்து மிதித்தேன். மேட்டில் வண்டி திணறுவது உள்ளங்காலில் தெரிந்தது. ஒன்பது புள்ளி ஆறு. என்னோடு சேர்த்து ஓட்டினவர்கள் மொத்தம் பதினோரு பேர். நான் எட்டாவது.

“எழுது” என்றேன். எழுதினார். “படி” என்றேன். படித்தார். பக்கத்தில் நின்றவனிடம் செல்லைக் கொடுத்து அவனையும் படிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றைத்தான் படித்தார்கள். அப்போது யாரும் கை தட்டவில்லை. ஓட்டலில் அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் சில்லறை எடுத்தார்கள். டாக்டர் தனியாக ஒரு காபி குடித்துவிட்டு, “வர்றேண்ணே” என்று கிளம்பினார்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. எட்டாவது ஆளுக்கெல்லாமா போன் செய்வார்கள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன மாதம் டயர்க் கடையில் ஒருவனைப் பார்த்தேன். அந்த வரிசையில் கடைசி ஆள், பதினோராவது. இடத்தை மாற்றி மரக்காணம் பக்கம் போய்விட்டார்களாம்.

“நீங்க வரலியாண்ணே? டாக்டரு உங்களுக்குப் போன் பண்ணலியா?” என்று கேட்டான். அவனுக்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின சனிக்கிழமை தவறாமல் போன் வருகிறதாம்.