கொஞ்சம் அழுக்கு கிடைக்குமா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் இருக்கிறது. ஆஸ்கர் என்று ஜாதி. உள்ளங்கையைவிடப் பெரிது. பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி ஆறிப்போனவர் மாதிரி எப்போதும் ஒரு முகம். என் மனைவி கல்யாணமாகி வரும்போது பாத்திர பண்டங்களோடு அதையும் தொட்டியோடு கொண்டுவந்தாள். மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெருவில், வெங்காயத்தைக்கூட நாள் பார்த்து நறுக்குகிற வீடு எங்களுடையது. "சீர்ல வெள்ளிக் குடம் வரும், பித்தளை அண்டா வரும். மீன் வந்து நான் பார்த்ததில்லை" என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். அதற்கப்புறம் வந்து போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மாவுக்கு அந்த மீன் ஆகாது என்பது அடுக்ககம் முழுக்கத் தெரியும்.

தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், ஒரு கறுப்பு டப்பா உண்டு. அதுதான் ஃபில்டர். தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதற்குள் இறங்கி, ஸ்பாஞ்சிலும் சின்னச் சின்னப் பீங்கான் வளையங்களிலும் புகுந்து, மூடியிலிருக்கும் மோட்டாரால் இன்னொரு குழாய் வழியாக மேலே ஏறும். ராத்திரி பகல் கிடையாது. சன்னமாக முனகிக்கொண்டே ஓடும்.

போன நவராத்திரிக்கு மனைவிக்குப் பெங்களூரில் ஆபீஸ் வேலை வந்துவிட்டது. கிளம்பும்போது, "மீனைப் பார்த்துக்கோங்கோ" என்று என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்ற அம்மாவுக்கு அது சுருக்கென்று பட்டது.

ஆயுத பூஜையன்று பொரியும் வாழைக்கன்றும் வாங்க மாட வீதிக்குப் போனேன். கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வந்தால், வீட்டில் ஏதோ குறைந்திருந்தது. கொஞ்சம் நின்று யோசித்தபிறகுதான் அந்த முனகல் இல்லை என்று புரிந்தது. பூஜை அறையில் மிக்ஸிக்கும் என் லேப்டாப்புக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டு, பூச்சூடி, ஃபில்டர் உட்கார்ந்திருந்தது.

"அது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?" என்றாள் அம்மா. "வருஷம் பூரா ஓடறது. அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் திறந்தேன். உள்ள இருந்த கண்றாவியை நீ பார்த்திருக்கணும். சாக்கடை! தேய்ச்சுத் தேய்ச்சு அலம்பி, வெந்நீர் விட்டு, மாடில காயப் போட்டிருக்கேன்."

மொட்டை மாடிக்கு ஓடினேன். அப்பாவின் பழைய வேட்டியில் பீங்கான் வளையங்கள் வடாம் மாதிரி பரத்திக் கிடந்தன. காக்காய்க்காகப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை வேறு.

ஃபில்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மனைவி ஆயிரம் தடவை சொன்னது. அந்த அழுக்கில்தான் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவது அவைதான். ஆகவே தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"கிருமில நல்ல கிருமின்னு ஒண்ணு உண்டோ?"

"தயிர்ல இல்லையாம்மா?"

"தயிரையும் அதையும் ஒரே வாயால பேசாதே."

சரி, உடனே பூட்டி ஓடவாவது விடலாம் என்றால் அதுவும் முடியாது. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியாமல் எடுக்கக்கூடாது. "கார் சாவியை எடுக்கறியோ இன்னிக்கு? அந்த மாதிரிதான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் எதிர்த்துப் பேசி ஜெயித்த சரித்திரம் அந்த வீட்டில் கிடையாது. பேசாமல் பொரி சாப்பிட்டேன்.

விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்து, காய்ந்து மொறுமொறுவென்றிருந்த வளையங்களை உள்ளே கொட்டி, மூடியை அழுத்தி, கிளிப்புகளைப் போட்டேன். குழாய்களைத் திறந்தேன். தண்ணீர் இறங்கவில்லை. உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருந்தது. டப்பாவைச் சாய்த்தேன், குலுக்கினேன், தட்டினேன். கடைசியில், ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் எடுப்பவர்களை நினைத்துக்கொண்டு, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். வந்தது தண்ணீர். வாய் நிறைய வந்தது. ஏழு தலைமுறையாகக் காப்பாற்றிய சைவம் ஒரு மடக்கில் உள்ளே போய்விட்டது.

"துப்பு, துப்பு!" என்று அம்மா பதறினாள். பிறகு தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "ஜலம்தானே. மீன் இல்லையே."

மோட்டாரைப் போட்டேன். கடகடவென்று இருமி, காற்றைக் கக்கி, ஓட ஆரம்பித்தது. மறு நிமிஷம் மேல்குழாயிலிருந்து தொட்டிக்குள் சிவப்பாக ஒரு புகை பரவியது.

"ஐயோ, ரத்தம்!" என்று அம்மா அலறினாள். ரத்தமில்லை. மூடிக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்துக்கும் அம்மா குங்குமம் இட்டிருந்தாள். "சுத்தறதே அதுதான்னு வாட்ச்மேன் சொன்னானே. அதுக்கு இடாம எப்படி விடறது?"

குங்குமம் கரைந்து போயிற்று. ஆனால் மறுநாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்துவிட்டது. மீன் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடியது. அதன் முகத்தில் அதிருப்தி போய் பயம் வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், கீழே அலமாரிக்குள்ளும் பார்த்தாள்.

"ஃபில்டருக்கு எதுக்குப் பொட்டு?"

சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி. நாளைக்கு வந்துடறேன்" என்று வைத்துவிட்டாள். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவே இல்லை.

அம்மா ஊஞ்சலில் போய் உட்கார்ந்தாள். "வேணும்னே பண்ணினேன்னு நினைச்சுப்பா."

"அப்படியெல்லாம் நினைக்கமாட்டாம்மா."

"நோக்குத் தெரியாது. அது செத்துப்போச்சுன்னா ஜன்மத்துக்கும் அப்படித்தான் நினைப்பா. வாயால சொல்லமாட்டா. காப்பி குடுக்கறச்சே தெரியும்."

மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன பேச்சு இப்போது சாட்சியாக எதிரே வந்து நின்றது அவளுக்கு. போனில் துருவித் துருவிப் படித்தேன். வழி இருந்தது. நன்றாக ஓடும் வேறொரு ஃபில்டரிலிருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி நம்முடையதில் வைத்தால் கிருமிகள் பிழைத்துப் பெருகுமாம். அடுக்ககத்தில் மீன் தொட்டி இருந்தது எங்கள் வீடு தவிர ஒரே வீட்டில்தான். நேர் கீழ்வீடு.

சாந்தோம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. மீன் வியாபாரம். அவர்கள் மீன் வறுக்கும் வாசனை எங்கள் சமையலறை ஜன்னலில் ஏறுகிறது என்று அம்மா அடுக்ககச் சங்கத்தில் புகார் கொடுத்து, அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நான் போகிறேன் என்றேன். "அலம்பினது நான்" என்று சொல்லி, எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு அம்மா இறங்கினாள். நான் பின்னால் போனேன்.

கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னா மாமி? இன்னிக்கி வூட்ல சாம்பார்தான். வாசனைகூட வரலியே."

"அதுக்கு வரலை. உங்காத்து மீன் தொட்டிலேர்ந்து கொஞ்சம் அழுக்கு கிடைக்குமா?"

"இன்னா?"

"அழுக்கு. நன்னா ஊறின அழுக்கா இருந்தாத் தேவலை."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். விஷயத்தைக் கேட்டு, சிரித்து முடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. "உள்ள வாங்க மாமி. ஆறு மாசமா கழுவவேல்ல. சோம்பேறித்தனம்தான்."

"ரொம்ப நல்லது" என்றாள் அம்மா, மனதார. என் ஆயுளில் அவள் சோம்பலைப் புகழ்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

பாதி ஸ்பாஞ்சைக் கத்தரித்து, காப்பி டிகாக்ஷன் நிறத்தில் கொஞ்சம் தண்ணீரோடு தூக்கில் போட்டுக் கொடுத்தார். "மீன் எப்டி கீது? தீனி போடாதீங்க. பாதித் தண்ணிய மாத்துங்க." அம்மா அந்தத் தூக்கை அபிஷேகத் தீர்த்தம் மாதிரி, படியில் ஒரு சொட்டு சிந்தாமல் ஏந்தி வந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். குளோரின் போக்கும் மருந்தை விட்டோம். ஸ்பாஞ்சை டப்பாவுக்குள் வைத்துப் பூட்டியதும், அம்மா குழாயை என் பக்கம் நீட்டி, "உறிஞ்சு" என்றாள். மறுபேச்சில்லாமல் உறிஞ்சினேன்.

மறுநாள் பகலில் தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தது. மீன் கீழே இறங்கித் தன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. மனைவி வந்தாள். தோளில் பையோடேயே தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். விரலைக் கண்ணாடியில் வைத்ததும் மீன் வந்து முட்டியது. அம்மா சமையலறை வாசலில் நின்றாள்.

"நான்தான் அலம்பினேன்" என்றாள். "நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணினேன்."

"தெரியும்மா. நீங்க வேணும்னு பண்ணுவேள்னு நான் நினைப்பேனா?"

"நினைச்சிருப்பே" என்றாள் அம்மா. "நான் உன் எடத்துல இருந்தா நினைச்சிருப்பேன்."

மனைவி பையை இறக்கி வைத்தாள்.

"நினைச்சேன்மா" என்றாள். "பெங்களூர்ல ரயில் ஏறினதுலேர்ந்து காட்பாடி வரைக்கும் அதையேதான் நினைச்சுண்டு வந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் வடை வந்தது."