டை ஸ்டோர் அமல்ராஜின் இடது காது

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, புனே சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறைக்குள் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு நுழையும் அமல்ராஜ், ஐந்து நிமிடம் கழித்துக் கறுப்பு டீ-ஷர்ட்டோடு வெளியே வருகிறார். டீ-ஷர்ட்டின் நெஞ்சில் ஒரு மண்டை ஓடு; அதன் கண்குழியிலிருந்து ஒரு பாம்பு எட்டிப் பார்க்கிறது. வெள்ளைச் சட்டை நான்காக மடிக்கப்பட்டு டிபன் பைக்குள் போயிருக்கிறது. அந்தப் பையைத் தோளில் மாட்டாமல் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி நடக்கிறார். பைக்குள் செபப் புத்தகம் இருக்கிறது. பாம்பு அதன்மேல் படக் கூடாது.

வயது நாற்பத்து மூன்று. பிம்ப்ரிப் பக்கத்தில் இரும்பைக் காய்ச்சி அடித்து உருக்கொடுக்கும் ஆலை ஒன்றில் டை ஸ்டோர், அதாவது அச்சுக் கிடங்கின் பொறுப்பாளர். தகப்பனார் காட்பாடியிலிருந்து வந்தவர் என்பதால் பேச்சில் வட ஆற்காடும், பிறந்தது இங்கே என்பதால் பாதிக்குப் பாதி இந்தியும் உண்டு. பங்குக் கோயிலில் நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் சொல்லும் குழுவில் உறுப்பினர். மாதத்தில் இரண்டு ஞாயிறு மெய்யாகவே ஆறுதல் சொல்வார். மூன்றாவது ஞாயிறு வந்தால் மனைவி செல்வமேரியிடம், "ஒருத்தரு ரொம்ப சீரியஸா கீறாராம், பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஹெவி மெட்டல் என்ற அலறல் ராக் இசை கேட்கப் போவார். அந்த டீ-ஷர்ட் இன்றுவரை வீட்டு வாசலைக் கண்டதில்லை. ஆலைக் குழாயடியில் தானே துவைத்து, ஸ்டோருக்குள் அச்சுகளுக்குப் பின்னால் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப் போடுகிறார்.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் ஒரு சிலுவை. 1991-ஆம் ஆண்டு தவக் காலத்தில், கேம்ப் கடைத்தெருவின் நடைபாதைக் கடையில் ஒரு கேசட்டை எடுத்தார். அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் பெரிய சிலுவை. "ஆண்டவரு பாட்டுன்னு நெனச்சி வாங்கினு வந்துட்டன் சார். இங்கிலீஷ்ல கீது, வெள்ளக்கார ஜனங்க நல்லா உருக்கமா பாடுவாங்கன்னு நெனச்சேன்." பெரிய வெள்ளிக்கிழமை பகலில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சிலுவைப்பாதை சொல்ல வீட்டில் கூடியிருந்தபோது, அந்தக் கேசட்டைப் போட்டார். பாடியவர் உருகியதாகத் தெரியவில்லை. கூட்டம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டது. மாமியார் மயங்கினார்.

"எல்லாரும் ஓடிட்டாங்க. நான் ஆப் பண்ணணும்னுதான் கைய நீட்டினேன். கை போவல சார்."

கேசட்டை மாமியார் அம்மியில் வைத்து உடைத்தார். அடுத்த சனிக்கிழமை அமல்ராஜ் அதே கடையில் அதே கேசட்டை வாங்கினார். தொண்ணூற்று மூன்றில், ஒரு பொறியியல் கல்லூரித் திடலில் முதல் நேரடிக் கச்சேரி. அன்றிலிருந்து புனேயில் எந்த மைதானத்தில் எந்தப் பையன்கள் கிதாரைக் கதற வைத்தாலும், அங்கே டிபன் பையோடு ஒரு நோயாளி விசாரிப்பாளர் நிற்கிறார்.

நிற்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கூட்டத்தின் நடுவில் குதிப்பது கிடையாது. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவார். மேடைக்கு வலப்பக்கம் ஆளுயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் தடுப்புக் கம்பிக்கும் இடையே ஒன்றரை அடிச் சந்து இருக்கும். சுய புத்தியுள்ள எவனும் அங்கே நிற்க மாட்டான். அமல்ராஜின் இடம் அதுதான். இடது காது ஸ்பீக்கருக்கு, முகம் மேடைக்கு, இரண்டு கையும் பேண்ட் பாக்கெட்டுக்குள். மற்றவர்கள் சுட்டு விரலையும் சுண்டு விரலையும் கொம்பாக்கி வானத்தில் ஆட்டுவார்கள். அது பிசாசின் முத்திரை என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் குடும்பம் இவருடையது. எனவே கொம்பைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். துணியின் மேல் இரண்டு முனைகள் மட்டும் தாளத்துக்கு ஆடும்.

இந்த விவரமெல்லாம் எனக்குக் கிடைத்தது ஒரு விபத்தால். நான் அதே ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. 2001-இல் என் அக்கா மகளை அழைத்துவரக் கல்லூரி விழா ஒன்றுக்குப் போனவன், கூட்டத்துக்குப் பயந்து ஸ்பீக்கர் ஓரமாக ஒதுங்கினேன். எதிரே மண்டை ஓடு. அதற்கு மேலே எனக்குப் பழக்கமான முகம். ஒரு நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் யாரென்றே தெரியாதவர்கள்போல நடித்துப் பார்த்தோம். முடியவில்லை.

"சார், இங்க யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னாங்க" என்றார் அமல்ராஜ்.

"எல்லாருக்குமே சரியில்லை போலிருக்கு" என்றேன்.

பிடிபட்டவர் மறுநாள் என் மேஜைக்கு வந்து அரை மணி நேரம் பேசினார். அவரை வாட்டுவது பாட்டு அல்ல, பாவசங்கீர்த்தனம். ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் பங்குச் சாமியாரிடம் போய், "சத்தமான எடத்துக்குப் போயிட்டன் சாமி" என்று முழந்தாளிட்டுச் சொல்வார். சாமியார் அதைச் சாராயக் கடை என்று எடுத்துக்கொண்டு, "குடியை விட்டுடு மகனே" என்று பரிகாரமாகச் சொல்லப் பத்து அருள்நிறை மந்திரம் கொடுப்பார். அமல்ராஜ் ஒரு சொட்டு தொட்டவர் அல்ல. ஆனாலும் திருத்தவில்லை. "குடிகாரன்னா சாமிக்குப் புரியுது. மன்னிக்கிறாரு. இத இன்னான்னு சொல்றது? மத்லப், எந்த கட்டளையில வருது இது?" பத்துக் கட்டளையையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். எதிலும் வரவில்லை. அவருடைய வெட்கம் அதனால் குறையவில்லை, கூடியது.

இரண்டாயிரத்து மூன்றுக்குப் பிறகு கச்சேரிகளின் சாதி மாறியது. ஊருக்கு வெளியே முல்ஷிப் பக்கத்துப் பண்ணை ஒன்றில், பட்டப்பகலில், கிதாரும் இல்லாமல் டிரம்மும் இல்லாமல் ஒருவன் ஓர் எலெக்ட்ரானிக் பெட்டி முன்னால் நின்று பட்டனைத் திருகினான். அமல்ராஜ் முதலில் கொதித்துப் போனார். "ரெண்டு மணி நேரமா மிஷினப் போட்டு வுட்டுட்டு சும்மா நின்னுகினு கீறான் சார். நம்ம ஷாப்ல இப்டி நின்னா மெமோ குடுத்துருவாங்க." ஆனால் அடுத்த மாதமும் போனார், அதற்கடுத்த மாதமும். அந்த மர்மத்தைப் பிறகு ஒருநாள் மெதுவாகச் சொன்னார். கிதார் வாசிப்பில் உச்சிக்குப் போகும் இடங்கள் இப்போதெல்லாம் அவருக்குக் கேட்பதில்லை. வாசிப்பவன் விரல் ஓடுகிறது, சத்தம் நின்றுவிடுகிறது. "இந்த பட்டன் பாட்டு காதுல கேக்க வேணாம் சார். ஏக்தம் வெலா எலும்புல கேக்குது."

அப்போதுதான் ஆலையில் காதுப் பரிசோதனை வந்தது.

எங்கள் ஹாமர் ஷாப்பில் சம்மட்டி இறங்கினால் டைம் ஆபீஸில் என் டீ கிளாஸ் நகரும். அதற்கடியில் இருபத்திரண்டு வருடம் நின்றவர் கோவிந்தராஜன். இரண்டு காதும் அநேகமாகப் போய்விட்டன. அவரையும் இன்னும் ஐந்து பேரையும் சத்தமில்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று யூனியன் கேட்டது. அவர்கள் காது வயதால் போனது என்றது நிர்வாகம். இந்த இழுபறியில்தான் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிய யூனியன் தலைவர் கதமுக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. கோவிந்தராஜனுக்கு அடுத்தபடியாகத் தொழிற்சாலையிலேயே மிக மோசமான இடது காது, ஹாமரிலிருந்து ஐம்பதடி தள்ளி, கதவு போட்ட ஸ்டோருக்குள் உட்கார்ந்திருக்கும் அமல்ராஜினுடையது.

கதம் கேட் மீட்டிங்கில் அந்தக் காதைத் தூக்கிப் பிடித்தார். "ஸ்டோரில் இருக்கிறவனுக்கே இந்தக் கதி என்றால், அடியில் நிற்கிறவனுக்கு?" என்று மராத்தியில் முழங்கினார். தோழர்கள் கை தட்டினார்கள். அமல்ராஜும் தட்டினார்; சும்மா நின்றால் சந்தேகம் வரும். அவர் பெயர் பட்டியலில் ஏழாவதாகவும், வாதத்தில் முதலாவதாகவும் ஏறியது. செல்வமேரி தெருவெல்லாம், "கம்பெனிக்காரன் என் வூட்டுக்காரு காத தின்னுட்டான்" என்று சொல்லி, ஒன்பது நாள் நவநாள் பிடித்தாள்.

நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு காது டாக்டரம்மாவை அழைத்தது. அவர் ஏழு பேரையும் தனித்தனியே விசாரித்துக் கையெழுத்துப் போட்டால் மாற்றல். எவனாவது பொய் சொன்னது பின்னால் தெரிந்தால் ஏழும் ரத்து. இந்த நிபந்தனை அறிவிப்புப் பலகையில் ஏறிய நாளில் அமல்ராஜ் கேண்டீனில் சாப்பிட உட்கார்ந்தார். பிறகு தட்டோடு எழுந்து கோவிந்தராஜன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பதினைந்து நிமிடம், கேசட் முதல் பண்ணை வரை எல்லாவற்றையும் சொன்னார். உலகத்திலேயே அவர் பிடிபடாமல், தானாக முன்வந்து வாய்விட்டுச் சொல்லத் துணிந்த ஒரே ஆள், ஒரு சொல்லும் கேட்காத அந்த மனிதர்தான்.

கோவிந்தராஜன் அந்த முகத்தைப் பார்த்தார். தன் சப்பாத்தி ஒன்றை அவர் தட்டில் வைத்தார். கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், கேண்டீன் முழுக்கத் திரும்பிப் பார்க்க, "கவலப்படாதப்பா. நீ ஒருத்தன் இருக்கிறதாலதான் எங்க ஆறு பேருக்கும் வழி பொறக்கப் போவுது. உன் காத நான் சாமியா கும்புடறேன்" என்றார்.

விசாரணை காலை பதினொரு மணிக்கு. டாக்டரம்மா, கதம், நிர்வாகத் தரப்பில் பெர்சனல் ஆபீசர், குறிப்பெடுக்க நான். ஏழு பேரும் ஒரே வரிசையில். கேள்வி ஒன்றுதான்: வேலைக்கு வெளியே அதிகச் சத்தம் உள்ள இடங்களுக்குப் போவதுண்டா? கோவிந்தராஜனுக்கு அதை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. "எங்க போறது? வூட்ல டிவியே படமாத்தான் ஓடுது" என்றார். ஆறு பேரும் இல்லை என்றார்கள். கடைசியாக அமல்ராஜ். கதம் அவரைப் பார்த்து ஊக்கமாகத் தலையசைத்தார்.

அமல்ராஜ் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா உரக்கக் கேட்டார். பிறகு, பாவம் ரொம்ப மோசம் என்ற முகத்தோடு காகிதத்தில் எழுதி நகர்த்தினார்.

"கேட்டுது மேடம்" என்றார் அமல்ராஜ் இந்தியில். "மொதல் தடவையே கேட்டுது. போறதுண்டு."

"எங்கே? பஜனையா?"

"பஜனை இல்ல மேடம். ராக். அதுலயும் கெட்ட ராக்."

வரலாற்றில் முதன்முறையாக யூனியனும் நிர்வாகமும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள்: நம்ப முடியாது. கதம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எவ்வளவு கொடுத்தார்கள்? கோயிலில் செபம் சொல்கிறவன் நீ. ஆறு பேர் பிழைப்பை எவ்வளவுக்கு விற்றாய்?" பெர்சனல் ஆபீசர், தான் கொடுக்கவேயில்லையே என்று குழம்பிப் போயிருந்தார். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, மிரட்டலுக்குப் பயந்து பேசினால் எழுத முடியாது என்றார்.

அமல்ராஜ் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். இந்தச் சித்திரத்தில் பெருமைப்பட முடியாத இடம் அவருக்கு மட்டும் உரியதல்ல.

பிறகு அவர் எழுந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பித்தானைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாடினார் என்பது என் மரியாதைக்காக எழுதுவது. வயிற்றின் அடியிலிருந்து, கிணறு தூர் வாரும்போது கேட்பதுபோல ஒரு சத்தம் எழும்பியது. நாற்பது விநாடி. தலை முன்னும் பின்னும் போனது. தாளம் ஒன்றும் தப்பவில்லை. தண்ணீர் ஜக்கின் மூடி நடுங்கியது. கோவிந்தராஜன், எதுவோ நடக்கிறது என்று மட்டும் புரிந்து, மேஜைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

ஓய்ந்ததும் கதம் உட்கார்ந்துவிட்டார். இதைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்ல முடியாது என்பது அவருக்கும் விளங்கிவிட்டது. டாக்டரம்மா ஏழாவது பெயரை அடித்தார். அந்தப் பெயரோடு யூனியனின் வாதமும் போனதால், மற்ற ஆறு பேருக்கு வேறு ஆதாரம் தேவைப்பட்டது. "அப்படியானால் நானே போய் நின்று பார்க்கிறேன்" என்று டாக்டரம்மா எழுந்து ஹாமர் ஷாப்புக்கு நடந்தார். பத்து நிமிடம்தான் நின்றார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்து, ஆறு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

அமல்ராஜ் முன்னமே தாழ்வாரத்துக்குப் போய்விட்டிருந்தார். அங்கே இரண்டு நாற்காலிகள். ஒன்றில், நவநாள் முடிந்த கையோடு தீர்ப்பைக் கேட்க வந்த செல்வமேரி. மற்றொன்றில் அவளுடைய பை, அவருக்கு இடம் பிடித்து வைத்தது. கதவு வழியாக அந்தச் சத்தம் வந்தபோது அவள் பதறி, யாருக்கோ வலிப்பு வந்துவிட்டதா என்று பியூனைக் கேட்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரர்தான், பாடுகிறார் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"எத்தினி வருசமா?" என்றாள்.

"பதினாலு."

"அப்ப சீக்காளிங்க?"

அவர் கை கழுத்துப் பித்தானுக்குப் போனது.

"பிரசங்கத்துல குடின்னு வரும்போதெல்லாம் சாமி உன்னியே பாப்பாரு. சரி, குடிக்கிறான் போல, நாலு பொம்பளைங்க புருசன் குடிக்கலையா, நம்ம புருசன் வூட்டுக்கு ஒழுங்கா வரான்னு இருந்துட்டன். அது கூட இல்லியா நீ?"

உள்ளே ஆறு பேரும் ஒருவரையொருவர் தட்டிக்கொடுக்கும் ஆரவாரம் கேட்டது. செல்வமேரி அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பாராமல், பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அமல்ராஜ் அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, திறந்து கிடந்த கழுத்துப் பித்தானைத் தடவித் தடவி மாட்டிக்கொண்டிருந்தார்.