பூகம்பப் பெட்டி

காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கம்பவுண்டர் ராமசுப்பு செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் தரையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். கொஞ்ச நேரம் காது கொடுக்கிறார். "இன்னைக்கும் ஆடல வே" என்கிறார். அந்தக் குரலில் இருப்பது நிம்மதியா ஏமாற்றமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வடக்கே எங்கோ பூமி ஆடியதைப் பேப்பரில் படித்த மேலதிகாரிகள், எங்கள் சங்கரன்கோவிலும் ஆடிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, இவரைத் திருநெல்வேலிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பஸ் கூரையில் ஒரு தகரப் பெட்டியும் வந்தது. உள்ளே பஞ்சு, கட்டுத்துணி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் பட்டைகள். மேலே அரக்கு முத்திரை. 'பூமி ஆடினால் மட்டும் திறக்கவும்' என்று ஒரு சீட்டு. மருந்து அலமாரியின் உச்சியில் ஏறிய பெட்டி அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

அதற்காகப் படித்த படிப்பை வீணடிக்க முடியுமா? பனவடலிசத்திரத்திலிருந்து சொறிக்குக் களிம்பு வாங்க வந்த சம்சாரி ஒருவரை உட்காரவைத்து, தலைக்கும் கைக்கும் அம்சமாகக் கட்டுப் போட்டுப் பழகினார். மனுஷர் கட்டோடு பஸ் ஏற, "யாருவே அடிச்சா?" என்று பஸ்ஸே விசாரித்தது.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் நான் இருமல் மருந்துக்குப் போய் நின்றேன். கூட்டத்தில் மிதிபட்டவர்களுக்குக் கட்டியே ஆஸ்பத்திரித் துணியெல்லாம் தீர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, விசைத்தறியில் கை மாட்டிய பூமாரியை அவள் புருஷன் மூக்காண்டி தூக்கிக்கொண்டு வந்தான். முந்தானையைச் சுற்றியும் ரத்தம் நிற்கவில்லை.

"ராமசுப்பு, அந்தப் பெட்டியத் திறங்க" என்றார் டாக்டர்.

"முத்திரைய உடைச்சா என் வேலை போயிரும் சார். பூமி ஆடணும்லா."

மூக்காண்டி கத்தவில்லை. "எங்க தறித் தெருவுல வந்து நின்னு பாரும் அண்ணாச்சி. எந்நேரமும் ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு" என்றான்.

ராமசுப்பு பூமாரியின் கையைப் பார்த்தார். பிறகு அலமாரியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து உலுக்கினார். புட்டிகள் உருண்டன. களிம்பு டப்பாக்கள் சிதறின. பெட்டி தடாலென்று விழுந்து அரக்கு தெறித்தது.

"ஆடிட்டு சார்" என்றார் டாக்டரிடம். என் பக்கம் திரும்பி, "நீரும் பாத்தீருல்லா?" என்று கேட்டுக்கொண்டே துணிச்சுருளின் நுனியைப் பல்லால் கிழித்தார்.