ஆறு வயதுப் பையனுக்கு ஒரு புத்தகம்

பேத்திக்குப் புத்தகம் எடுக்க விழுப்புரம் நூலகத்துக்குப் போயிருந்தேன். புதுப் புத்தகக் கட்டைப் பிரித்தார்கள். பசை வாடை வந்ததும் சின்ன வயதில் போன திண்டிவனம் நூலகம் நினைவுக்கு வந்தது.

எண்பத்து மூன்றில் எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லில் வேலை பார்த்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. புதுப் புத்தகம் வந்தால் எங்களை நூலகத்துக்கு அழைத்துப்போவாள். நூலகர் வயதுக்கு ஏற்றதாகப் பார்த்துக் கொடுப்பார். தம்பிக்கு எப்போதும் பெரிய பெரிய படம் போட்டது.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் தம்பி செத்துப்போனான். அம்மா அழவே இல்லை.

அடுத்த வருடம் புதுப் புத்தகம் வந்தபோது அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒன்று வாங்கிய பிறகும் நகரவில்லை.

"எம் பையனுக்கு ஆறு வயசு ஆவுதுங்க சார். அவனுக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க."

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நூலகர் எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர். கையில் எடுத்த படப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து நீட்டினார்.

"ஆறு வயசுன்னா எழுத்துக் கூட்டிப் படிப்பான்மா. இதை எடுத்துக்கினு போங்க."

அம்மா அதை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நூலகர் வெளியே போய் நின்றார். அன்று அந்தப் புத்தகத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

"பேத்திக்கு எத்தனை வயசுங்கம்மா?" என்று நூலகப் பெண் கேட்டாள். "ஆறு வயசு. எழுத்துக் கூட்டிப் படிப்பா," என்றேன்.