விசுவாசிக்கிறேன் என்ற ஒரு சொல்

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அறுபதுகளில் கடலூரில் இருந்த ஐயரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் சிதம்பரத்து இந்துக் குடும்பம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, தானாகவே ஞானஸ்நானம் கேட்டார். அந்த ஐயரிடம் உபதேசமும் படித்தார். நாள் குறித்த பிறகு பக்கவாதம் வந்து நாக்கை இழுத்துக்கொண்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஞானஸ்நானம் இல்லாமலே போய்விடுவாரோ என்பதுதான் என் பயமெல்லாம்.

ஆளனுப்பினேன். "ஐயர் வந்துட்டாரு" என்று வாசலில் சத்தம் கேட்டதும், யாரோ கோவில் குருக்கள் என்று நினைத்து என் மாமியார் தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலையோடு வந்து நின்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஐயர் கட்டிலருகே நின்று, "விசுவாசிக்கிறீரா?" என்றார். இவர் வாயைத் திறந்தார், எச்சில்தான் வழிந்தது. கண்ணிலும் வழிந்தது. வாயால் அறிக்கை செய்யாமல் முடியாது, பேச்சு வரட்டும் என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு ஐயர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் கோயிலுக்குப் போனேன். நெல்லிக்குப்பத்துப் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரின் பேரனுக்கு அன்று ஞானஸ்நானம். கைக்குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. அதனிடமும் அதே கேள்வி, அதே குரல். ஞானத்தாய் அதற்காக "விசுவாசிக்கிறேன்" என்றாள். தண்ணீர் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் மறித்து, குழந்தைக்கு விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அது கடவுள் கொடுப்பது, நாம் சம்பாதிப்பதல்ல என்று அழகாக விளக்கினார்.

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் குடுக்க மாட்டாருங்களா? நான் ஞானத்தாயா நின்னு பதில் சொல்றேன், வாங்க."

பெண்டாட்டி எப்படிப் புருஷனுக்குத் தாயாவது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சாகக் கிடப்பவருக்கு எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவரே உபதேச வகுப்பில் சொல்லியிருந்தது, பஸ்ஸில் திரும்பும்போது ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் டம்ளரில் தண்ணீர் மொண்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் அவர் தலையில் ஊற்றினேன். தலையணை நனைகிறதே என்று மாமியார் துண்டு கொண்டுவந்தார்.

அடக்கத்துக்கு வந்த ஐயர், நானே ஞானஸ்நானம் கொடுத்ததைக் கேள்விப்பட்டு, விசுவாசிக்கிறேன் என்று அவருக்காக யார் சொன்னது என்று விசாரித்தார்.

"யாரும் சொல்லலங்க. நான் அந்தக் கேள்வியக் கேக்கவே இல்ல."