‘நீ’ என்று சொன்னவர்

ஊரில் எல்லோரும் அவரை எக்ஸ்ரே என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். குள்ளமான ஒல்லி உடம்பு. சட்டைக் காலர் எப்போதும் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். கடைத்தெருவில் எதிரே வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அவர் நின்று ‘நீ’ என்று பேச ஆரம்பித்துவிட்டால், கேட்கிறவர் அவசர வேலையாகப் போய்க்கொண்டிருந்தாலும் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். அவரைக் கேட்டால் இங்கேயும் ‘அவன்’ என்றே எழுதச் சொல்வார். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

அரசு மருத்துவமனையில் வெகுகாலம் எக்ஸ்ரே எடுத்தவர். தரைத்தளத்தில் கடைசி அறை. ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில் ஈயத்தகடு அடித்த தடுப்பு, அதில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர் சட்டையைக் கழற்றிவிட்டு, தகட்டில் நெஞ்சை ஒட்டி, மோவாயைத் தூக்கி அதன் விளிம்பில் வைத்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றித் தோளை முன்னால் தள்ளி நிற்கவேண்டும். எக்ஸ்ரே, தடுப்புக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பார். நெஞ்சு நிறையக் காற்றோடு ஆள் அசையாமல் நிற்கும் கணம் பார்த்துப் பொத்தானை அழுத்தவேண்டும்.

சேர்ந்த புதிதில் அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். “மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க.” மரியாதையாகச் சொன்னால் மரியாதையாகப் பதில் வரும். “சரிங்க” என்பார்கள். அந்த ஒரு ‘சரிங்க’வோடு இழுத்த காற்றில் பாதி வெளியே போய்விடும். படம் கலங்கிவிடும். மறுபடி நிற்கவைத்தால் மறுபடியும் “சரிங்க.” ஒருநாள் அலுத்துப்போய் வெறுமனே “இழு. பிடி” என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. படம் ஒவ்வொரு விலா எலும்பாக எண்ணிப் பார்க்கிற மாதிரி வந்தது. அன்றிலிருந்து நீதிபதியோ மூட்டை தூக்குகிறவரோ, அவர் அறையில் எல்லோருக்கும் இழு, பிடி, விடு மட்டும்தான்.

அதில் அதட்டல் இருக்காது. குழந்தை கைப்பிடி இல்லாத மாடி ஓரமாகப் போகும்போது தாய் ஒரு குரல் கொடுப்பாளே, பயந்து ஓடிவிடாதபடி, ஆனால் அப்படியே நின்றுவிடும்படி. அந்தக் குரல்.

ஒரு பெரிய அதிகாரி படம் எடுக்க வந்தார். “விடு” என்ற பிறகும் அவர் தகட்டைவிட்டு நகரவில்லை. எக்ஸ்ரே எட்டிப் பார்த்தபோது அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. புகார் போகும் என்று வெளியே நின்ற ஊழியர்கள் பந்தயமே கட்டினார்கள். புகார் வரவில்லை. அடுத்த வாரம் அதிகாரியே வந்தார், டாக்டர் சீட்டு இல்லாமல். அம்மா போனதிலிருந்து தன்னை நீ என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இல்லை என்றார். இன்னொரு தடவை நிற்கட்டுமா என்று கேட்டார். எக்ஸ்ரே, இயந்திரத்தை அணைத்துவிட்டு அவரை நிற்கவைத்தார். இழு. பிடி. விடு.

அப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. நீ என்று கூப்பிட ஆளில்லாதவர்கள் ஒரு பக்கம். பிறந்ததிலிருந்து ஊர் முழுக்க வாடா போடா என்றே அதட்டியதால், அதட்டல் இல்லாத நீயைக் கேட்டறியாதவர்கள் இன்னொரு பக்கம். மருத்துவமனை நடைபாதையில் நோயாளிகளைவிட நோயில்லாதவர்கள் அதிகமானதும், வேலையா கூட்டமா என்று மேலிடம் கேட்டது. அவர் ஈய மேலங்கியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலைக்கு ஒரு நாற்பது பேர் குடிபோனார்கள். தடித்த சுவர்கள். ஐஸ் கட்டிய தொட்டிகளின்மேல் பலகை போட்டுப் படுக்கை. ஒரே அடுப்படி. கக்கூஸ் கழுவுவது முறைவைத்து, அதிகாரி உட்பட. சட்டம் ஒன்றே ஒன்று: யாரும் யாரையும் நீங்க என்று சொல்லக்கூடாது. சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எக்ஸ்ரேயின் மனைவி தையல்காரி. புருஷனை ஆயுசில் முதல்முறையாக நீ என்று சொன்ன அன்று வெட்கத்தில் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டாராம். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. “திட்டுறதுக்கு ரொம்ப வசதியா இருக்கு” என்பார்.

ஊர் சும்மா இருக்குமா? ‘நீக்கூடம்’ என்று பேர் வைத்தது. அங்கே யாருக்கு யார் பெண்டாட்டி என்றே தெரியாதாம் என்று டீக்கடையில் பேசினார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடம் போன ஒரு சிறுமி தலைமையாசிரியரிடம் “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டாள். தாயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்கு நீ என்ன பதில் சொன்ன?” என்றாள்.

காலையில் எல்லோரும் பெரிய கூடத்தில் நிற்பார்கள். மோவாயைத் தூக்கி, கைகளை இடுப்பில் ஊன்றி, தோளை முன்னால் தள்ளி. எக்ஸ்ரே தகட்டின் முன்னால் நிற்கிற நிலை அது என்று அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. “பிடி” என்று அவர் சொன்னதும் நாற்பது மூச்சு ஒன்றாக நிற்கும். ஒருமுறை நானும் நின்றேன். என் உடம்புக்குள் இத்தனை அமைதி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. “விடு” என்றபோது கூடமே ஒரு பெரிய துணியை உதறியதுபோல் ஓசை எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாமியார்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மூன்று சொல்லில் ஆளைக் கரைத்தவர் இவர் ஒருவர்தான்.

நான்காவது வருடம் தச்சருக்கு இருமல் வந்தது.

அங்கே இருந்த கதவு, பலகை, பெஞ்சு எல்லாம் தச்சரின் கைவேலை. தனி ஆள். சின்னப் பையன்கள்கூட பேர்சொல்லி அதட்டி வேலை வாங்கிய ஊரில் வளர்ந்தவர். எக்ஸ்ரே கூப்பிடுகிற திசையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். தையல்காரி அவர் சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாகிவிட்டது, அத்தனை மெலிவு. சாயங்காலமானால் காய்ச்சல். இப்படிப்பட்ட நெஞ்சுகளை எக்ஸ்ரே ஆயிரக்கணக்கில் பார்த்தவர். படத்தில் எந்த இடத்தில் நிழல் விழும் என்றுகூட அவருக்குத் தெரியும்.

பட்டறைக்குப் போய், ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுத்துவிட்டு வா என்று தச்சரிடம் சொன்னார்.

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நீ இருக்கே. எனக்கு எதுக்குப் படம்?”

மறுநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். கட்டளையாகவே சொன்னார். தச்சர் கண்ணை மூடிக்கொண்டு, “நீ என்னைச் சோதிக்கிற. சோதிச்சுக்கோ, நான் எங்கயும் போகமாட்டேன்” என்றார். கூடத்தில் பல கண்கள் கலங்கின. நம்பிக்கை என்றால் இதுவல்லவா என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அன்று மத்தியானம் எக்ஸ்ரே சாப்பிடவில்லை. தையல்காரி தட்டை எடுத்துவைத்துக்கொண்டே கேட்டார்: “அந்த ஆளு உன்னை நீன்னு சொல்றாரே, அது எந்த நீன்னு கேட்டியா?”

“எந்த நீ?”

“சாமியை யாராச்சும் நீங்கன்னு கும்புடுவாங்களா? நீ குடு, நீ காப்பாத்துன்னுதானே கேக்கறாங்க. அந்த நீ. இங்க எல்லாருமே உன்னை அப்படித்தான் கூப்பிடறாங்க. ரொம்ப நாளாச்சு. உன் காதுல மட்டும்தான் விழல.”

எக்ஸ்ரே எழுந்து கூடத்துப் பக்கம் போனார் என்று தையல்காரி சொன்னார். இத்தனை வருடம் கட்டிய வீடு அது. அந்த ஒரு சொல்லின்மேல் கட்டியது. அந்தச் சொல்லே தச்சரைக் கொன்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் கைகளை இடுப்பில் ஊன்றி நின்றார்கள். எக்ஸ்ரே “இழு” என்று சொல்லவில்லை. வரிசைக்குள் நடந்துபோய் தச்சருக்கு எதிரே நின்று கைகூப்பினார்.

“ஐயா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

சிறுமி ஒருத்தி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. தச்சரின் முகம் வெளிறிவிட்டது. “என்னை ஏன் வெளிய தள்ளுற?”

“தள்ளலைங்க. நான் எக்ஸ்ரே எடுத்தவன். அதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உங்க நெஞ்சுல நிழல் இருக்கும். என்னால அதைப் போக்க முடியாது.” பிறகு கூடத்தைப் பார்த்தும் அதையே சொன்னார். “உங்க யாருக்கும் என்னால எதையும் போக்க முடியாதுங்க.” சிரித்த சிறுமியையும் விடவில்லை. “நீங்களும் கேட்டுக்கங்க பாப்பா” என்றார்.

நான்கு வருடமாகக் காதில் விழாத சொல். கல்லெறிந்த மாதிரி ஒவ்வொருவர்மேலும் விழுந்தது. தச்சர் முதலில் கெஞ்சினார். ஊரெல்லாம் வாடா போடா என்றபோது இந்த வாயில் வந்த நீ ஒன்றுதான் தனக்கு மிச்சம் என்றார். எக்ஸ்ரே அசையவில்லை. ஒவ்வொரு கெஞ்சலுக்கும் ‘ங்க’ போட்டே பதில் சொன்னார். கேட்கக் கேட்க தச்சருக்கு இருமல் பொங்கியது. இருமி முடித்து நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. எக்ஸ்ரேயின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

“என்னைப் போன்னு சொல்ல நீ யாருடா? பெரிய இவனா நீ? போறேன்டா. உன் மூஞ்சியில முழிக்கறதுக்கு ஆஸ்பத்திரியே மேல்.”

எக்ஸ்ரேயின் காலர் அவர் கையிலேயே கிழிந்தது. தையல்காரி நகரவில்லை. அவர் பிறகு சொன்னது இதுதான்: கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம், ஆனால் அப்போது தெரிந்த முகத்தை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. பெருங்காற்றில் சிக்கிக் கரைசேர்ந்தவன் முகம்போல் இருந்ததாம்.

தச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். எக்ஸ்ரே பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனார். அதற்குள் கூடத்தில் சிலர் துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். அதிகாரி பெட்டியோடு வாசலில் நின்றார், ஒரு வார்த்தைக்காக. எக்ஸ்ரே அவரைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் மூட்டையைப் பிரித்திருப்பார்கள். அந்தக் குரலின் வலிமை என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கொடுக்கவில்லை. எனக்கு இன்றும் மலைப்பாக இருப்பது அதுதான்.

பஸ்ஸில் தச்சர் முன்னால் உட்கார்ந்தார். எக்ஸ்ரே பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவமனையில் படம் எடுத்துக்கொண்டு வந்து டாக்டர் எதிரே உட்காரும்வரை தச்சர் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நல்லவேளை, இப்போதாவது வந்தீர்கள் என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மருந்துக்கு அடங்கியிருக்காதாம். கதவோரம் கிழிந்த காலரோடு நின்றவரைப் பார்த்துவிட்டு, சொந்தமா என்று தச்சரிடம் கேட்டார்.

தச்சர் திரும்பி மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

“சொந்தமெல்லாம் இல்ல. தெரிஞ்சவன்.”

“மாத்திரையை ஆறு மாசம் விடாம சாப்பிடணும். பக்கத்துல இருந்து ஞாபகப்படுத்த ஆள் வேணுமே. இவர் பாத்துக்குவாரா?”

“இவன் எதுக்கு?” என்றார் தச்சர், மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டியபடி. “நானே பாத்துக்குவேன்.”