சுக்கானி

பெரியாற்றில் அணை கட்டிய காலத்தில் நான் கூடலூரில் ஆள் பதியும் குமாஸ்தா. சுண்ணாம்பு ஏற்றிப் போகும் படகுகளில் வேலை செய்யக் கடற்கரையிலிருந்து வந்தவர் அவர். கறுத்து நெடுநெடுவென்று இருப்பார். என் மேசை முன்னே நின்றபோதும் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்.

அவர் பெயருக்கு நேரே "கூலி" என்று எழுதினேன்.

"சுக்கானின்னு எழுதுங்கய்யா. நான் சுக்கான் பிடிக்கிறவன். துடுப்புப் போடுறவுக எல்லாம் என் சொல்லக் கேட்டுத்தான் போடுவாக."

"இங்கன எல்லாரும் கூலிதான். தள்ளி நில்லும்."

அவர் தள்ளி நின்றார்.

அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் அவர் இறந்துபோனார். பதிவேட்டைப் பார்த்து, கூலியாள் இன்னார் இறந்தார் என்று அவர் வீட்டுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். மனைவி சொல்லி யாரோ எழுதிய பதில் வந்தது.

"அந்தப் பேரு இங்கன நாலு பேருக்கு இருக்கு. செத்தது வேற யாரோ கூலியாள். எங்க வீட்டுக்காரவுக சுக்கானி. தையில வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக."

மறுகடிதம் எழுத உட்கார்ந்தேன். சுக்கானி என்று ஒரு சொல் எழுதினால் இறந்தது அவர்தான் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அந்தச் சொல்லை இரண்டாம் முறையும் நான் எழுதவில்லை.